நாணமும் தோள்சீலையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடை உடலை மூடுவதற்கு மட்டும் உரியதன்று. உடுத்தியவர் யார், ஊரில் அவர்க்குள்ள இடம் யாது என்பதையும் அது பிறர்க்கு அறிவிக்கின்றது. பன்மொழி பேசும் மக்களிடையே தலைநகர்த் தில்லியில் வாழும் நமக்கு இவ்வுண்மை நாள்தோறும் கண்கூடு.

அரசு ஊழியர் குடியிருப்பில் எங்கள் அடுத்த வீட்டில் அரியானாவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவ்வீட்டு மருமகள், மாமனார் கூடத்திற்குள் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை முகம் மறையும்படி இழுத்துவிட்டுக் கொள்வார். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பகுதியிலிருந்து வந்து எங்களோடு சில திங்கள் தங்கியிருந்த என் அன்னையார் இதனைப் பலநாள் கண்டார். ஒருநாள் அவர் மெல்லச் சொன்ன சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இங்கே பெரியோரைக் கண்டால் மூடுகிறார்கள். நம் ஊரிலோ முன்னொரு காலத்தில் பெரியோர் எனப்பட்டவரைக் கண்டால் எடுத்துவிட வேண்டும் என்று வைத்திருந்தார்களாம் என்றார் அவர். சிறுமியாய் இருந்தபோது தம் பாட்டியாரிடம் அவர் கேட்ட செய்தி அது.

அன்னையாரின் அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. தூய்மை, நாணம், அடக்கம் என்று கிறித்தவ மறைநூல் கூறும் அறங்கள் தமிழகத்தின் தென்கோடியில் வாழ்ந்த எளிய பெண்களின் அன்றாட வாழ்வைத் தொட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மறைநூல் கூறும் நாணம்

ஆடையைப் பற்றிய பேச்சு விவிலியத்தின் முதல் நூலிலேயே தொடங்கிவிடுகிறது. ஆதியாகமத்தின் 3ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் ஏவாளும் தாம் ஆடையின்றி இருப்பதை உணர்ந்து, அத்தியிலைகளைத் தைத்து அரையில் உடுத்துகின்றனர். அவ்வதிகாரம் முடியும் முன்னரே, இறைவன் தோலினால் உடை செய்து அவர்களுக்கு உடுத்துவதாகவும் கூறப்படுகிறது. தோட்டத்தினின்று துரத்தப்படவிருந்த அவ்விருவர்க்கும் ஆடை மறுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

புதிய ஏற்பாட்டில் பெண்டிரின் அடக்கத்திற்கு மேற்கோளாக எங்கும் காட்டப்படுவன இரண்டு இடங்கள். ஒன்று, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரம். மற்றொன்று, பேதுருவின் முதல் நிருபம், 3ஆம் அதிகாரம். பின்னிய கூந்தலும் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த ஆடையும் அல்ல, தகுதியான உடையும் நற்செயலுமே பெண்ணுக்கு அணி என்கிறது முன்னது. புறத்தே பூணும் அழகினும் உள்ளத்தின் மறைவான அழகே அழியாதது என்கிறது பின்னது. தமிழ் விவிலியம் முன்னைய இடத்தில் 'நாணம்' என்னும் சொல்லையே ஆள்கிறது. திருக்குறளில் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துக்கொண்ட மொழிக்கு அச்சொல் அயலானதன்று. வள்ளுவர் அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தகாத செயலுக்கு நாணுதலே நாணம், குலமகளிர் நாணம் அதனின் வேறு என்று பிரித்துக் காட்டுவதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்த அறிவுரைகள் யாரை நோக்கிக் கூறப்பட்டவை என்பதே நாம் எண்ணவேண்டியது. தீமோத்தேயு அன்று இருந்த இடம் எபேசு. சின்ன ஆசியாவில் வணிகத்தாலும், ஆர்த்தெமி தேவியின் பெருங்கோயிலாலும் செழித்த மாநகர் அது. முத்தும் பொன்னும் அணியவேண்டா என்னும் சொல், அவற்றை வாங்கும் ஆற்றல் உடையார்க்கே உரைக்கத்தக்கது. எளியோர் கூடும் சபையில் செல்வர் தம் செல்வத்தை விரித்துக் காட்டுவதைக் கடியும் சொல் அது என்று கொள்ளுதல் பொருந்தும். யாக்கோபின் நிருபம் 2ஆம் அதிகாரம் இதனை இன்னும் வெளிப்படையாக்குகிறது. பொன்மோதிரம் அணிந்து மினுக்கும் ஆடையோடு வருபவனுக்கு நல்லிருக்கை தந்து, கந்தையுடுத்த ஏழையைக் காலடியில் அமரச் சொல்வது பாவம் என்று அது கண்டிக்கிறது.

தூய்மை பற்றிய போதனையும் இவ்வாறே. மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், புறத்திலிருந்து உட்புகுவது மனிதனைத் தீட்டுப்படுத்துவதில்லை, அவன் உள்ளத்திலிருந்து புறப்படும் தீய எண்ணங்களே தீட்டுப்படுத்துகின்றன என்று இயேசு விளக்குகிறார். தொழுநோயாளரை அவர் தொட்டார். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது அவளைக் கடிந்திலர். மலைப்பொழிவில் அவர் வாழ்த்துவது உள்ளத்தில் தூயோரை. ஆடையின்றி இருந்தவனுக்கு உடுத்தியது தமக்கே செய்த தொண்டு என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் கூறப்படுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தென் திருவிதாங்கூரின் நிலை

இப்போதனைகள் சென்று சேர்ந்த மண்ணில் நாணமும் தூய்மையும் வேறு அளவுகோலால் அளக்கப்பட்டு வந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை மலையாள நாட்டோடு சேர்ந்திருந்தவை. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த அப்பகுதியில், தூய்மை என்பது தூரத்தால் அளக்கப்பட்டது. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடித் தொலைவிலும், புலையர் 96 காலடித் தொலைவிலும் நிற்கவேண்டும் என்று இருந்ததை, அங்குப் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார்.

நாடார் முதலிய உழைக்கும் மக்கள் குடை பிடித்தலும், செருப்பு அணிதலும், பொன்னகை பூணுதலும், மாடிவீடு கட்டுதலும் கூடாது. பெண்டிர் நீர்க்குடத்தை மேற்குலத்தார் போல் இடுப்பில் ஏந்தாது தலையிலேயே சுமத்தல் வேண்டும். அரசுக்கும் மேலோருக்கும் கூலியின்றிச் செய்யும் ஊழியம் வேறு. இவற்றோடு பெண்கள் மார்பையும் தோளையும் மேலாடையால் மூடலாகாது என்னும் விதியும் சேர்ந்திருந்தது.

இவ்விடத்தில் நடுவுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். மேலாடை இன்றி இருப்பது அந்நாட்டில் அன்று இயல்பாகவே நாணத்தக்கதாகக் கருதப்படவில்லை. ஆடவரும் மகளிரும் வெப்பம் மிகுந்த அந்நிலத்தில் இடுப்பாடையோடு இருந்தனர். மேற்குலத்து மகளிரும் வீட்டினுள் அவ்வாறே இருந்தனர். தெய்வத்தின் முன்னும் தம்மினும் உயர்ந்தோர் முன்னும் மேலாடையை அகற்றுதல் மரியாதையின் அடையாளமாகவும் இருந்தது. நம் ஊர்களில் பெரியவரைக் கண்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் வழக்கம் இதன் கிளையே. இன்றும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆடவர் மேற்சட்டையின்றியே உட்செல்கின்றனர்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. மேற்குலத்தவர் மேலாடையை எடுத்தால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். தாழ்த்தப்பட்டார்க்கோ எடுப்பதற்கே மேலாடை இல்லை. முன்னது மரியாதை, பின்னது முத்திரை.

குப்பாயம் வந்த வரலாறு

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் போதகர் 1806இல் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். அவரை அங்கு வரவேற்றவர் மகாராசன் வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றித் தஞ்சைக்குச் சென்றபோது கிறித்தவம் தழுவித் திரும்பியவர் அவர். மயிலாடியில் 1809இல் கோயில் ஒன்று எழுந்தது. பின்னர் 1818இல் சார்லஸ் மீட் என்பவரும், 1819இல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரும் வந்து நாகர்கோவிலைத் தம் பணிக்கு நடுவிடம் ஆக்கினர். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, ரேந்தை பின்னும் தொழிலையும் கற்பித்தார். அடிமைகளாய் இருந்த சிறுமியர் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

கிறித்தவம் தழுவிய பெண்கள் கோயிலுக்கு வரும்போது மார்பை மூடி வரவேண்டும் என்று போதகர்கள் விரும்பினர். அன்று ஆங்கில ரெசிடெண்டாகவும், சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ அதற்கு அனுமதி அளித்தார். ஆனால் அரண்மனை வட்டாரத்தினின்றும் மேற்குலத்தாரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. முடிவில் 1814இல் நின்ற ஆணை இதுதான்: சிரியன் கிறித்தவ, மாப்பிள்ளைப் பெண்டிர் அணியும் குப்பாயத்தை மதம் மாறிய பெண்கள் அணியலாம், மேற்குலப் பெண்டிர் தோளில் இடும் மேலாடையை அணியலாகாது.

மீட், மால்ட் ஆகியோரின் மனைவியர் தளர்வான குப்பாயம் ஒன்றை வடிவமைத்துத் தந்தனர். மானம் காக்க அது போதும் என்பதே போதகருள் பலர் எண்ணம். ஆயின் பெண்கள் அதனோடு நின்றாரில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் அணியத் தலைப்பட்டனர். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் அவர்கள் வழிமறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். உடுத்த ஆடை பொதுவிடத்தில் கிழித்தெறியப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்திற்குச் சென்று, 1823இல் குப்பாயம் அணியும் உரிமை உறுதியாயிற்று. கலகமோ அடங்கவில்லை. 1827 முதல் மீண்டும் மூண்டு, பள்ளிகளும் செபக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரசப் பிரதிநிதியாய் இருந்த கௌரி பார்வதி பாய் அரசியார் விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். குப்பாயம் அணியலாம், தோள்சீலை கூடாது என்னும் பழைய நிலையே அதிலும் வற்புறுத்தப்பட்டது.

குப்பாயம் போதாதா?

இங்கே வாசகர் உள்ளத்தில் ஒரு வினா எழக்கூடும். மார்பை மூடுவதுதான் நோக்கமென்றால் குப்பாயமே அதனை நிறைவேற்றிவிட்டதே. அதற்குமேல் ஒரு சீலைக்காக அடிபட்டதும், வீடும் கோயிலும் எரியக் கண்டதும் ஏன்? விலையுயர்ந்த ஆடையை விரும்பவேண்டா என்று கூறும் மறைநூலைக் கையில் ஏந்தியவர்கள், மேற்குலத்தார் ஆடையை விரும்பியது அடக்கம் ஆகுமா?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. எபேசு நகரத்துச் செல்வப் பெண்டிர்க்குக் கூறிய அறிவுரையை எடுத்து, கல்குளத்துப் பனையேறியின் மனைவியைப் பார்த்து, கிடைத்தது போதும் என்று அமர்ந்திரு என்று சொல்லிவிடவும் இயலும். அவ்வாறு சொல்வது மறைநூலின் எழுத்தைக் காத்து அதன் உயிரைப் போக்குவதாகும் என்பது என் துணிபு. செல்வப் பெண் முத்தைக் கழற்றினால் ஏழையோடு ஒருநிலையில் அமர்கிறாள். ஏழைப் பெண் தோள்சீலையை இட்டால் அவளும் மற்றவளோடு ஒருநிலையில் நிற்கிறாள். ஒருத்தி இறங்கி வருவதும் மற்றொருத்தி ஏறி வருவதும் சென்று சேரும் இடம் ஒன்றே. யாக்கோபு கண்டித்தது ஆடையை அன்று. ஆடையைப் பார்த்து இருக்கை கொடுப்பதை.

குப்பாயம் உடலை மூடியது உண்மை. ஆனால் தொலைவில் வரும்போதே இவள் இன்ன குலத்தாள், மதம் மாறியவள் என்று அது காட்டிக்கொடுத்தது. பழைய முத்திரை போய்ப் புதிய முத்திரை வந்தது. அப்பெண்கள் வேண்டியது முத்திரையே இன்றி ஊரில் நடப்பதை. போதகர்கள் கொணர்ந்தது நாணம். பெண்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மானம். இவ்விரண்டும் நம் மொழியில் வேறு வேறு சொற்கள். வள்ளுவரும் வேறு வேறு அதிகாரங்களில் வைத்தே பேசுகிறார்.

இவ்வேட்கை கிறித்தவர்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை என்பதற்குச் சான்று அதே மண்ணில் உண்டு. சாமிதோப்பில் வாழ்ந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர், தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆடவரைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். அவர்தம் வழிவந்த பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ஆடவர் இன்றும் தலைப்பாகையோடே வணங்குகின்றனர்; கருவறையில் இருப்பது நிலைக்கண்ணாடி. தன் உருவைத் தானே நிமிர்ந்து பார்க்கும் வழிபாடு அது.

1859ஆம் ஆண்டு ஆணை

1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் பிரகடனம் வெளியாயிற்று. சமயத்தின் பெயரால் எவரும் துன்புறுத்தப்படார் என்னும் அதன் உறுதி தென் திருவிதாங்கூரிலும் பேசப்பட்டது. இதனை ஒருசாரார் தம் விடுதலையின் அறிகுறியாகக் கொண்டனர். மறுசாராரோ பழைய வழக்கம் கைநழுவுகிறது என அஞ்சினர். அவ்வாண்டின் இறுதித் திங்கள்களில் மீண்டும் கலகம் தொடங்கிற்று. சந்தைக்குச் சென்ற பெண்கள் தாக்கப்பட்டனர். 1858 டிசம்பர் 27ஆம் நாள் திவான் மாதவராயர் விடுத்த விளம்பரமும் பழைய வழக்கத்தை மீறலாகாது என்றே கூறிற்று. 1859 ஜனவரியில் கலகம் நாகர்கோவில் வட்டாரத்திலும் கடுமையாய் இருந்தது.

போதகர்கள் அரசர்க்கும் ரெசிடெண்ட் கல்லனுக்கும் முறையிட்டனர். அவ்வாண்டு சென்னை ஆளுநராய்ப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் திரெவெல்யன், நீதியும் மனிதநேயமும் இவ்வளவு தெளிவாக ஒரே பக்கத்தில் நிற்கும் வழக்கைத் தாம் கண்டதில்லை என்னும் கருத்துப்பட ரெசிடெண்டுக்குக் கடுமையாய் எழுதினார். முடிவில் 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆணை பிறப்பித்தார். நாடார் குலப் பெண்டிர் எச்சமயத்தவராயினும் குப்பாயம் அணியலாம். முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடலாம். மேற்குலப் பெண்டிரைப் போல மட்டும் உடுத்தலாகாது என்பது அவ்வாணையின் சாரம்.

முக்குவத்திகள் எனப்பட்டோர் கடற்கரை மீனவ மகளிர். புனித சவேரியார் 1544இல் அக்கடற்கரையில் ஊர் ஊராக நடந்து திருமுழுக்கு அளித்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

அரசுக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தன் நான். ஓர் ஆணையின் உட்பொருளை அறிய வேண்டுமாயின் அதன் முதல் வரியைவிட 'ஆயினும்', 'எனினும்' என்று தொடங்கும் இறுதி வரியையே முதலில் படிக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலில் கற்ற பாடம். 1814, 1829, 1859 ஆகிய மூன்று ஆணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொடுத்த பகுதி ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது. முதலிரண்டிலும் மதம் மாறியோர்க்குக் குப்பாயம் மட்டும். மூன்றாவதில் எல்லாச் சமயத்தார்க்கும் எவ்வகை மூடலும். கொடாத பகுதியோ மூன்றிலும் ஒன்றே: மேற்குலத்தாரைப் போல் இருத்தல் ஆகாது. அரசு காக்க விரும்பியது நாணத்தையாயின், எவ்வகையிலும் மூடலாம் என்றதோடு ஆணை முடிந்திருக்கும். அதன்பின் வந்த அந்த ஒரு வரி, இத்தனை ஆண்டு வழக்கும் துணியைப் பற்றியதன்று, தோளைப் பற்றியது என்பதைத் தெற்றெனப் புலப்படுத்துகிறது.

அந்த ஒரு வரி காலப்போக்கில் வழக்கிழந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் பிற ஒடுக்கப்பட்ட மக்களும் தத்தம் போராட்டங்களை நடத்தினர். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரினாட்டில், அய்யன்காளியின் தலைமையில், புலையர் குலப் பெண்கள் அடிமைச் சின்னமாய்க் கழுத்தில் சுமந்த கல்லுமாலைகளை அறுத்தெறிந்தனர். 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. 36 அடி, 96 அடி என்று அளந்த தூய்மைக்குச் சட்டத்தில் இடமில்லாது போயிற்று.

அன்றாட வாழ்வில்

இன்று குமரி, நெல்லை மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி ஒலித்ததும், வெள்ளைச் சேலையுடுத்தித் தலைப்பை முக்காடாக இட்டு, கையில் விவிலியத்தோடு செல்லும் மூதாட்டியரைக் காணலாம். பெந்தெகொஸ்தே சபையினர் பலர் நகையே அணிவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் தாலியும் சங்கிலியும் அணிகின்றனர். ஒரே மறைநூலைப் படிப்போரிடையே இத்தனை வேறுபாடு. எது அடக்கம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு; எதை அணிவது என்று தாமே முடிவு செய்யும் உரிமையில் வேற்றுமை இல்லை. அவர்தம் முன்னோர் பெற்றுத் தந்த உரிமை அது.

தில்லியில் நம் வீடுகளில் நடப்பது என்ன? மகள் உடுத்தும் உடையைப் பற்றிய பூசல் இல்லாத வீடு அரிது. அக்கம்பக்கத்தார் துப்பட்டா பற்றிப் பேசுவர். ஊரிலிருந்து வரும் உறவினர் சேலை பற்றிப் பேசுவர். நாணம் வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்கு அறிவுறுத்துவதில் தவறில்லை. ஆனால் நாணம் என்பது ஒருவர் தம் உள்ளத்திலிருந்து உடுத்திக்கொள்வது. மேலிருந்து ஆணையிட்டுப் போர்த்துவதன்று. ஆணையிட்டு உரிந்ததும் நாணமன்று, ஆணையிட்டு மூடுவதும் நாணமன்று என்பதே தோள்சீலை வரலாறு நமக்குச் சொல்லும் பாடம். நம் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண் நல்ல சேலை உடுத்தி வந்தால், இவளுக்கு எதற்கு இது என்று நம் நாவில் ஒரு சொல் எழுமாயின், 1859ஆம் ஆண்டு ஆணையின் இறுதி வரி இன்னும் நம்மிடம் வாழ்கின்றது என்றே பொருள்.

மற்றொன்றையும் இங்குக் கூறுதல் கடமை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 9ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் ஆடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் இப்போராட்டமும் இடம்பெற்றிருந்தது. அதில் நாடார் சமூகத்தின் தோற்றம் பற்றி எழுதப்பட்ட முறைக்குத் தமிழகத்தில் கண்டனம் எழுந்தது. திருத்தி எழுதவேண்டியதைத் திருத்துவதற்கு மாறாக, 2016 டிசம்பரில் அப்பகுதி தேர்வுக்குரியதன்று என்று விலக்கப்பட்டது. 2019இல் அப்பாடமே நூலினின்றும் நீக்கப்பட்டது. 2017இல் என் மகள் 9ஆம் வகுப்பு பயின்றபோது அப்பக்கங்கள் அவள் நூலில் இருந்தன. ஆனால் தேர்வுக்கு இல்லை என்று வகுப்பில் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டதாகச் சொன்னாள். அன்றிரவு என் அன்னையாரை அவளருகில் அமர்த்திப் பாட்டியாரின் செய்தியைச் சொல்லச் செய்தேன். அவள் கேட்டுவிட்டுக் கேட்ட வினா ஒன்றே: "அந்தப் பாட்டிமார் பெயரெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா அப்பா?"

ஆளுநர்கள், திவான்கள், போதகர்கள் ஆகியோரின் பெயர்களை இக்கட்டுரையில் வரிசையாக எழுதிவிட்டேன். சந்தையில் சீலை கிழிபட்ட பெண்களுள் ஒருத்தியின் பெயரையும் என்னால் எழுத இயலவில்லை. மறுவாரம் மீண்டும் சீலையிட்டு அதே சந்தைக்குச் சென்றவர்கள் அவர்கள். 2023 மார்ச்சு 6ஆம் நாள் இப்போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் தமிழக, கேரள முதலமைச்சர்கள் முன்னிலையில் நடந்தது. அந்த விழா உண்மையில் பெயர் அறியப்படாத அப்பெண்களுக்கு எடுத்த விழா.

நட்புக்கு உவமை தேடிய வள்ளுவர், உடுத்த ஆடை நழுவும்போது உடையவன் ஏவாமலே விரைந்து சென்று பற்றும் கையைக் கண்டார். ஒருவரது மானம் குலையும்போது நம் கை எத்திசையில் செல்கிறது என்பதே நம் தூய்மைக்கும் அடக்கத்திற்கும் அளவுகோல். தென் திருவிதாங்கூரின் சந்தைகளில் ஆடையைப் பறித்த கைகளும் இருந்தன. உடுத்திவிட்ட கைகளும் இருந்தன. நம் பிள்ளைகளின் கைகள் எவ்வினத்தைச் சேர்ந்தவையாக வளர்கின்றன என்பது, அவர்களுக்கு நாம் எந்த வரலாற்றைச் சொல்லி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பள்ளி சொல்லாது விட்டதை வீடு சொல்லலாம். தமிழ்ச் சங்கம் சொல்லலாம். அதற்கே இச்சிறு கட்டுரை.